ஈய ரப்பர் பேரிங் போடலாமா? எந்தக் கட்டடத்துக்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

நிலநடுக்கத்துக்காகக் கட்டடத்துக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் வைக்கிறார்களே, அந்த ஈய ரப்பர் பேரிங்கைப் பற்றித்தான் இந்த விமர்சனம். ஏதோ ஒரு கம்பெனியின் சரக்கைப் பற்றி அல்ல, அந்தப் பொருளைப் பற்றியே. நான் ஸ்ட்ரக்சுரல் டிசைன் வேலையில் இருப்பவன். இதை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன், போட்டு முடித்த கட்டடங்களின் அடியில் டார்ச் லைட்டோடு தவழ்ந்தும் பார்த்திருக்கிறேன். அதனால் விளம்பரத்தில் சொல்வதில் எது முழு உண்மை, எது பாதி உண்மை என்று ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம். நிலநடுக்கம் நின்ற அடுத்த நிமிடமே வேலை செய்தாக வேண்டிய கட்டடமா, அதாவது மருத்துவமனை, தீயணைப்பு நிலையம், கட்டுப்பாட்டு அறை, டேட்டா சென்டர் மாதிரி ஏதாவதா? மண் கெட்டியாக இருக்கிறதா? கட்டடம் ஒல்லியாக உயராமல் பரந்து நிற்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காமல் போடுங்கள், இதைவிட நல்ல பொருள் இந்த வேலைக்குக் குறைவு. சின்ன வீடு என்றால் வேண்டாம். இளகிய சேற்று மண் என்றால் அநேகமாகக் கூடவே கூடாது. இனி விவரம்.

பலருக்கும் தெரியாத ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விதிமுறைப்படி சரியாக டிசைன் செய்த சாதாரணக் கட்டடம் பெரிய நிலநடுக்கத்தில் என்ன செய்யும் தெரியுமா? உடையும். உடைய வேண்டும் என்றுதான் டிசைனே செய்கிறோம். இதைச் சொன்னதும் கட்டடத்தின் உரிமையாளர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் இதில் மறைக்க எதுவும் இல்லை. அரிதாக வரும் அந்தப் பெரிய ஆட்டத்தைக் கீறல் விழாமல் தாங்க வேண்டுமென்றால் தூண்களும் சுவர்களும் யாராலும் கட்ட முடியாத பருமனுக்குப் போய்விடும். ஆகவே பீம்களின் முனைகளில் கம்பி இழுபட்டு, காங்கிரீட் வெடித்து, அந்தச் சேதத்திலேயே ஆட்டத்தின் சக்தி செலவாகட்டும், தூண்கள் மட்டும் நிற்கட்டும், உள்ளே இருப்பவர்கள் உயிரோடு வெளியே வரட்டும் என்று ஏற்பாடு செய்கிறோம். உலகம் முழுக்க விதிமுறைகள் பெரும்பாலும் இந்த அடிப்படையில்தான் இருக்கின்றன. உயிர் பிழைக்கும் என்பதுதான் உறுதி. மறுநாள் அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்ற உறுதியை யாரும் தரவில்லை. வீட்டுக்கு இது போதும், மருத்துவமனைக்குப் போதாது. ஊரில் ஆயிரம் பேர் காயம்பட்டுக் கிடக்கும் நாளில் மருத்துவமனையை இழுத்து மூடினால் அந்தக் கட்டடம் இடியாமல் நின்றதில் என்ன பிரயோஜனம்?

சரி, இந்தப் பேரிங் என்ன செய்கிறது என்று பார்ப்போம். வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பான, தடித்த உருளை, மேலும் கீழும் போல்ட் போடத் தகடு, அவ்வளவுதான். உள்ளேதான் சங்கதி. மெல்லிய ரப்பர் தகடு, அதன்மேல் எஃகுத் தகடு, மறுபடி ரப்பர், மறுபடி எஃகு என்று மாற்றி மாற்றி அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒரே கட்டியாக ஒட்டவைத்திருப்பார்கள். வெறும் ரப்பர் கட்டியின் மேல் பாரம் வைத்தால் அது பக்கவாட்டில் பிதுங்கும். நடுநடுவே எஃகு இருப்பதால் பிதுங்க முடியாது. சீட்டுக்கட்டை மேலிருந்து அழுத்தினால் அசையாது, பக்கவாட்டில் தள்ளினால் சரியும் அல்லவா, அதே குணம். கட்டடத்தின் முழு எடையையும் கெட்டியாகத் தாங்கும், ஆனால் கிடைமட்டத்தில் மிருதுவாக நகரும். செங்குத்து விறைப்பு கிடைமட்ட விறைப்பைப்போல் பல நூறு மடங்கு.

இந்த எஃகுத் தகடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்றைய வடக்கு மாசிடோனியாவில் உள்ள ஸ்கோப்யே நகரத்தில் ஒரு பள்ளிக்கூடம் சாட்சி. 1963 நிலநடுக்கத்தில் அந்த ஊர் நொறுங்கிப்போன பிறகு சுவிட்சர்லாந்தின் உதவியோடு கட்டிய பெஸ்டலோட்சி பள்ளி, 1969. ரப்பர் மேல் உட்காரவைத்த முதல் கட்டடம் என்று அதைத்தான் சொல்வார்கள். அதில் எஃகு இல்லாத வெறும் ரப்பர் கட்டிகள்தான் இருந்தன. எடை தாங்காமல் அவை பக்கவாட்டில் உப்பின, கட்டடமும் மேலும் கீழுமாகத் துள்ளக்கூடியதாக இருந்தது. முன்னோடிகள் துணிந்து செய்தார்கள், அதற்கு மரியாதை உண்டு. இன்றைக்கு யாராவது எஃகு அடுக்கு இல்லாத ரப்பரைக் காட்டி இதுவும் அதேதான் என்று விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது ஈயம். அடுக்கின் நடுவில் ஓட்டை போட்டு ஒரு ஈயக் கட்டையை இறுக்கமாகச் செருகியிருப்பார்கள். 1970களில் நியூசிலாந்தின் அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பில் ராபின்சன் கண்டுபிடித்தது இது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனையும் இதுதான். வெறும் ரப்பர் மட்டும் இருந்தால் இரண்டு தொல்லை: காற்றடித்தாலே கட்டடம் மெல்ல அசையும், நிலநடுக்கம் வந்தால் ஆடத் தொடங்கியது சீக்கிரம் நிற்காது. ஈயம் இரண்டையும் ஒரே அடியில் தீர்க்கிறது. சின்ன விசைக்கு அது விறைப்பாக நிற்கும், எனவே காற்றுக்கு அசையாது. பக்கவாட்டில் சரிக்கும் வெட்டு அழுத்தம் சுமார் 10 மெகாபாஸ்கலைத் தாண்டினால் நெகிழ்ந்து கொடுக்கத் தொடங்கும். எஃகோடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம். அப்படி முன்னும் பின்னும் நெகிழும்போது ஆட்டத்தின் சக்தியை வெப்பமாக மாற்றித் தின்றுவிடும். இதற்கு இரும்பையே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். இரும்புக் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் ஒடிந்துவிடும். ஈயத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, அறை வெப்பநிலையிலேயே அதன் படிக அமைப்பு தானாக மீண்டும் ஒழுங்காகிவிடுகிறது. ஒரு நிலநடுக்கத்தில் உழைத்த பேரிங், பின்னதிர்வுக்கும் அடுத்து வருவதற்கும் ஏறத்தாழப் பழைய பலத்தோடு தயாராக இருக்கும். மிக நீண்ட நேரம் ஆடினால் ஈயம் சூடாகிக் கொஞ்சம் வலு குறையும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதை முதலில் ஏற்றுக்கொண்ட கட்டடம் வெலிங்டனில் உள்ள வில்லியம் கிளேட்டன் கட்டடம், 1981.

இதன் பலன் என்னவென்றால், கட்டடத்தின் இயல்பான ஆட்ட காலம் நீளுகிறது. நான்கைந்து மாடிக் காங்கிரீட் கட்டடம் ஒரு முறை போய் வர அரை நொடி எடுக்கும் என்று வையுங்கள். கெட்டி மண்ணில் வரும் நிலநடுக்கத்தின் வீரியமும் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் உள்ள ஆட்டங்களில்தான் இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போய் விசை பெருகுகிறது. பேரிங் போட்டால் அந்த அரை நொடி இரண்டரை, மூன்று நொடியாகிவிடும். தரை வேகமாக உதறும், மேலே கட்டடம் மெதுவாக ஊஞ்சலாடும். "கட்டடம் ஆடவே ஆடாது" என்று விற்பவர்கள் சொல்வது தவறு. ஆடும், அடியில் நிறையவே நகரும். மாடிக்கு மாடி வளைந்து முறியாமல் முழுக் கட்டடமும் ஒரே துண்டாக நகர்வதுதான் வித்தியாசம்.

காகிதத்தில் சொல்வது இருக்கட்டும், களத்தில் என்ன நடந்தது? 1994 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வந்த நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம்தான் இந்தப் பொருளுக்கு வந்த முதல் பெரிய பரீட்சைகளில் ஒன்று. இரண்டு மருத்துவமனைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று ஆலிவ் வியூ. 1971 சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில் புத்தம் புதிதாக இருந்தபோதே நாசமாகி, இடித்துவிட்டு, இனி எது வந்தாலும் அசையக் கூடாது என்று காங்கிரீட் சுவரும் எஃகுத் தகட்டுச் சுவருமாக மிக விறைப்பாக மறுபடி கட்டினார்கள். 1994-ல் அதன் கட்டமைப்பு அருமையாகத் தாங்கியது, இன்ஜினியர்கள் பெருமைப்படலாம். ஆனால் விறைப்பான கட்டடம் தரையின் ஆட்டத்தைப் பெருக்கி மேலே அனுப்பியது. தரையில் 0.91 ஜி, கூரையில் 2.31 ஜி, அதாவது ஈர்ப்பு முடுக்கத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த உதறலில் தண்ணீர்க் குழாய்களும் ஸ்பிரிங்க்ளர் குழாய்களும் உடைந்து மாடிகளில் வெள்ளம். நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. தூண் நின்றது, பீம் நின்றது, மருத்துவமனை நின்றுபோனது.

இன்னொன்று தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனை. அடியில் ஈய ரப்பர் பேரிங்குகளும் சாதாரண அடுக்கு ரப்பர் பேரிங்குகளும் கலந்து போட்டிருந்தார்கள். வெளியே தரையில் 0.49 ஜி, அடித்தளத்தில் 0.37 ஜி, கூரையில் வெறும் 0.21 ஜி. மேலே போகப் போகப் பெருக வேண்டியது குறைந்திருக்கிறது. மருத்துவமனை தொடர்ந்து இயங்கியது. இந்த இரண்டும் நிலநடுக்க மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இல்லை, ஆலிவ் வியூ ரொம்பப் பக்கம், ஆகவே எண்ணுக்கு எண் ஒப்பிடுவது நியாயம் இல்லை. தரைக்கும் கூரைக்கும் நடுவே என்ன ஆனது என்று பாருங்கள். ஒன்றில் இரண்டரை மடங்கு ஏறியது, மற்றதில் பாதிக்கும் கீழே இறங்கியது. என்னிடம் யாராவது ஒரே ஒரு ஆதாரம் கேட்டால் இந்த இரண்டு வரிகளைத்தான் காட்டுவேன்.

அதற்கப்புறம் உதாரணங்கள் குவிந்துவிட்டன. 2011-ல் ஜப்பானில் சுனாமியோடு வந்த பேரழிவில் இஷினோமாகி செஞ்சிலுவை மருத்துவமனை, அடியில் இப்படிப்பட்ட ஏற்பாடு இருந்ததால் முழு வீச்சில் இயங்கி அந்தப் பகுதிக்கே ஆதாரமாக நின்றது. அதே ஆண்டு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலும் நிலநடுக்கம் வந்தது; அந்த ஊரில் அப்போது இப்படிக் கட்டியிருந்த ஒரே கட்டடம் அங்குள்ள பெண்கள் மருத்துவமனை, அதுவும் தொடர்ந்து நடந்தது. 2001-ல் புஜ் நகரில் மாவட்ட மருத்துவமனை இடிந்து விழுந்த பிறகு புதிதாகக் கட்டியதை நியூசிலாந்துத் தொழில்நுட்பத்தில் ஈய ரப்பர் பேரிங் மேல்தான் எழுப்பினார்கள். துருக்கி 2013-லேயே, அபாயம் அதிகமுள்ள பகுதிகளில் 100 படுக்கைக்கு மேற்பட்ட புது மருத்துவமனைகளுக்கு ஐசொலேட்டர் (தரையின் ஆட்டத்திலிருந்து கட்டடத்தைப் பிரித்துவைக்கும் இந்த மாதிரிப் பேரிங்குகளின் பொதுப் பெயர்) கட்டாயம் என்று விதித்துவிட்டது. மற்ற நாடுகளும் மருத்துவமனைக்காவது இதை விதியாக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

இனி குறைகள். முதல் குறை பேரிங்கில் இல்லை, அதைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்தில் இருக்கிறது. கட்டடம் அடியில் 30, 40, சில இடங்களில் 60 சென்டிமீட்டருக்கும் மேல் நகரப்போகிறது. அந்த அளவுக்கு நான்கு பக்கமும் அகழி மாதிரி இடைவெளி இருந்தாக வேண்டும், அது கட்டடம் இருக்கும் நாள் முழுக்கக் காலியாகவே இருக்க வேண்டும். சொல்வது சுலபம். நான் பார்த்த ஒரு கட்டடத்தில் மிச்சமான டைல்ஸும் சிமெண்ட் மூட்டையும் அந்த இடைவெளிக்குள் அடுக்கி வைத்திருந்தார்கள், இன்னொன்றில் நடைபாதை போட வந்தவர் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று காங்கிரீட் ஊற்றி மூடிவிட்டார். கோபம் வந்தது, ஆனால் அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை, அந்த இடைவெளி எதற்கு என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. இது அற்பமான விஷயம் இல்லை. அதே நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில், பேரிங் போட்ட லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புக் கட்டுப்பாட்டு மையத்தில் நுழைவாயில் பக்கம் இடைவெளியில் தடை இருந்ததால் கட்டடம் போய் மோதியது, அந்தத் திசையில் முடுக்கம் குறைவதற்குப் பதில் எகிறியது. நகர வேண்டிய கட்டடம் நகரும் வழியில் எதிலாவது இடித்தால், பேரிங் இல்லாமல் இருந்ததைவிட மோசமான அடி விழக்கூடும். ஆகவே இந்தப் பொருளை வாங்குகிறவர் உண்மையில் அந்தக் காலி இடத்தையும் அதைக் காவல் காக்கும் பொறுப்பையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். சுவரில் பலகை வையுங்கள், பராமரிப்பு ஆளுக்கு எழுதிக் கொடுங்கள், ஆள் மாறினால் புது ஆளுக்கும் சொல்லுங்கள்.

இடைவெளியைத் தாண்டிப் போகும் எல்லாமே இதே கணக்குதான். தண்ணீர், கழிவுநீர், கேஸ், மின்சாரம், ஆக்சிஜன், எல்லாக் குழாயும் கேபிளும் அத்தனை சென்டிமீட்டர் இழுபட்டும் அறாத வளையும் இணைப்போடு வர வேண்டும். லிஃப்ட் குழி தரையில் உட்காரக் கூடாது, மேல் கட்டடத்திலிருந்து தொங்க வேண்டும். படிக்கட்டு ஒரு முனையில் வழுக்கிப் போகும்படி இருக்க வேண்டும். கட்டுமானத்தில் பிளம்பிங் வேலை வேறு கான்ட்ராக்டரிடம் போகும்போது இதுதான் முதலில் விட்டுப்போகும். ஒரே ஒரு விறைப்பான இரும்புக் குழாய் போதும், நிலநடுக்கம் வரும் நாளில் தண்ணீர் போய்விடும். கேஸ் குழாயாக இருந்தால் தீ.

இரண்டாவது, மண். 1985-ல் மெக்சிகோ சிட்டியில் நடந்தது இதற்குப் பாடம். மையம் பசிபிக் கரையில், முன்னூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் நகரத்தின் ஒரு பகுதி பழைய ஏரிப் படுகையின் களிமண் மேல் இருக்கிறது, அந்த மண் சுமார் இரண்டு நொடி காலத்தில் தளதளவென்று ஆடியது. அந்தக் காலத்தோடு ஒத்துப்போன நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன. அப்படிப்பட்ட மண்ணில் கொண்டுபோய் ஐசொலேட்டர் வைத்து ஆட்ட காலத்தை இரண்டு, மூன்று நொடிக்கு நீட்டினால் என்ன ஆகும்? ஆபத்திலிருந்து தள்ளிப்போகாமல் நேரே அதன் வாய்க்குள் போய் நிற்போம். ஆகவே மண் பரிசோதனை அறிக்கை கையில் இல்லாமல் பேரிங் பற்றிப் பேசும் விற்பனையாளரோடு பேச்சே வேண்டாம். பிளவுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ள மனைகளிலும் ஒரே பெரிய தள்ளாகத் தரை நகரும் ஆட்டம் வரும், அங்கே இடைவெளியும் பேரிங்கின் அளவும் தாறுமாறாகப் பெருத்துவிடும். செய்ய முடியாது என்றில்லை, அனுபவம் உள்ளவர் செய்ய வேண்டும்.

மூன்றாவது, உயரம். ஏற்கெனவே மூன்று நான்கு நொடியில் மெதுவாக ஆடும் உயரமான கோபுரத்துக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. அதோடு ஒல்லியான கட்டடம் ஒரு பக்கம் சாயும்போது மறுபக்கத்துப் பேரிங்கை மேல்நோக்கி இழுக்கும். ரப்பர் அழுத்தத்தில் சிங்கம், இழுவையில் பலவீனம், உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் உருவாகிக் கெட்டுப்போகும்.

செங்குத்து ஆட்டத்தைப் பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும், அதற்கு இந்தப் பொருள் எதுவும் செய்யாது. மேலும் கீழுமாக அது கெட்டியாக இருப்பதால்தானே கட்டடத்தைச் சுமக்கிறது? ஜப்பானில் மிக்கி நகரிலுள்ள ஈ-டிஃபென்ஸ் என்ற மாபெரும் அதிர்வு மேடையில் 2011-ல் ஐந்து மாடி எஃகுக் கட்டடத்தை முழு அளவில் நிறுத்தி ஆட்டிப் பார்த்தார்கள். கிடைமட்டத்தில் ஐசொலேட்டர் சொன்னபடி வேலை செய்தது, பலமான செங்குத்து ஆட்டம் சேர்ந்தபோது மட்டும் உட்கூரையும் உள்ளே இருந்த பொருட்களும் அடி வாங்கின. எனவே பேரிங் போட்டாயிற்று என்று ஃபால்ஸ் சீலிங்கைக் கம்பியில் சும்மா தொங்கவிட வேண்டாம், அலமாரிகளைச் சுவரோடு பிணைக்கும் வேலையையும் விட்டுவிட வேண்டாம்.

சின்ன நிலநடுக்கத்தில் "இவ்வளவு செலவு செய்தும் ஆட்டம் தெரிந்ததே" என்று புகார் வரும். அது கோளாறு இல்லை. ஈயம் நெகிழும் அளவுக்கு விசை வராவிட்டால் பேரிங் விறைப்பாகத்தான் இருக்கும், கட்டடமும் சாதாரணக் கட்டடம் போலத்தான் நடந்துகொள்ளும். இதைச் சாவி கொடுக்கும் நாளிலேயே குடியிருப்பவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

தரம் பற்றி மிகக் கண்டிப்பாக இருங்கள். வெளியிலிருந்து பார்த்து நல்ல பேரிங், மோசமான பேரிங் என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே ரப்பர் எஃகோடு ஒட்டியிருக்கிறதா, ஈயம் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்பது சோதனை எந்திரத்தில் வைத்து அழுத்திக்கொண்டே பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். அமெரிக்காவின் ஏஎஸ்சிஇ 7 விதிப்படி ஒவ்வொரு வகையிலும் அளவிலும் இரண்டு முழு அளவு மாதிரிகளை முதலில் சோதிக்க வேண்டும், அதற்குப் பிறகு கட்டடத்துக்குப் போகும் பேரிங்குகளையும் சோதிக்க வேண்டும். சான்றிதழ் மட்டும் போதாது என்பதற்கு 2015 நினைவிருக்கட்டும்: ஜப்பானின் டோயோ டயர் நிறுவனம் தன் ரப்பர் ஐசொலேட்டர்களின் சோதனைத் தரவுகள் திருத்தப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டது. முதலில் 55 கட்டடங்கள் என்றார்கள், பின்னர் எண்ணிக்கை 150-ஐத் தாண்டியது. மருத்துவமனைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. இந்தத் துறையிலேயே அதிக அனுபவமுள்ள நாட்டில் நடந்தது இது. நான் சொல்வது, சோதனை நடக்கும்போது உங்கள் இன்ஜினியர் நேரில் நிற்க வேண்டும், எந்திரத்திலிருந்து வரும் மூலத் தரவை அங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும், அழகாக டைப் செய்த அறிக்கையை மட்டும் நம்பக் கூடாது. தள்ளும் விசையையும் நகரும் தூரத்தையும் வரைந்தால் கிடைக்கும் அகலமாக விரிந்த அந்த விசை–நகர்வு வளையத்தை ஒரு முறை திரையில் நேரில் பார்த்துவிட்டால் எது நல்ல பேரிங் என்று உங்கள் ஆளுக்கு மறக்கவே மறக்காது.

ரப்பர் எத்தனை நாள் தாங்கும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், இதில் மட்டும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம். காற்றில் உள்ள ஆக்சிஜன் ரப்பரின் வெளித்தோலைத்தான் கெடுக்கும், தடித்த கட்டியின் உள்ளே போக மிக நீண்ட காலம் ஆகும். அதற்காகத்தான் வெளியே கூடுதலாக ஒரு ரப்பர் உறை வைக்கிறார்கள். பாலங்களில் 1950களிலிருந்து அடுக்கு ரப்பர் பேரிங்குகள் இருக்கின்றன, பத்தாண்டுக் கணக்கில் உழைத்தவற்றை எடுத்துப் பார்த்தபோதும் நல்ல நிலையில்தான் இருந்திருக்கின்றன. ரப்பரைவிடத் தீதான் எனக்குக் கவலை. பேரிங்குகள் கார் நிறுத்தும் அடித்தளத்தில் வெளிப்படையாக இருந்தால், ஒரு கார் எரிந்தால் போதும். தூணுக்கு எத்தனை மணி நேரத் தீப்பாதுகாப்போ அத்தனையும் பேரிங்குக்கும் வேண்டும், அதுவும் நகர்வைத் தடுக்காத உறையாக. ஆள் உள்ளே போய்ப் பார்க்க உயரம், ஜாக்கி வைத்துத் தூக்கிப் பேரிங்கை மாற்றப் பீமில் இடம், இரண்டையும் வரைபடத்திலேயே கேட்டு வாங்குங்கள். கட்டி முடித்த பின் கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

போட்டிப் பொருட்களைப் பற்றி ஒரு வார்த்தை. உராய்வு ஊசல் பேரிங் என்று ஒன்று உண்டு, குழிந்த எஃகுத் தட்டில் ஒரு வழுக்கி நகரும். அதில் ஆட்ட காலம் தட்டின் வளைவு ஆரத்தைப் பொறுத்தது, கட்டடத்தின் எடையைப் பொறுத்தது அல்ல. 2.25 மீட்டர் ஆரம் என்றால் சுமார் மூன்று நொடி, மேலே எவ்வளவு எடை இருந்தாலும். எடை தெளிவாகத் தெரியாத பழைய கட்டடங்களுக்கும், ஒரு பக்கம் கனம் ஒரு பக்கம் லேசு என்று இருப்பவற்றுக்கும் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். உயரமான, இயல்பிலேயே நெகிழ்வான கட்டடம் என்றால் ஐசொலேட்டரை மறந்துவிட்டு மாடிகளுக்கு நடுவே ஆட்டத்தின் சக்தியை உறிஞ்சும் டேம்பர் வைப்பதைப் பற்றி யோசியுங்கள். பழங்காலக் கட்டடங்களைக் காப்பாற்றுவதில் ஈய ரப்பர் பேரிங்குக்குத் தனி மதிப்பு உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்தைத் தூக்கிப் பிடித்து, தூண்களை அறுத்து, அடியில் 530 பேரிங்குகளைச் செருகினார்கள். மேலே உள்ள கல் வேலைப்பாடுகளைப் பெரிதாகக் கை வைக்காமல் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, வீடு கட்டுபவர்கள். "சின்னதாக நாலு பேரிங் எங்கள் வீட்டுக்கும் போடலாமா?" என்று கேட்கிறார்கள். ஆசை நியாயமானது, ஆனால் இந்தப் பொருள் அதற்கு ஏற்றதல்ல. வீட்டின் எடை குறைவு. குறைந்த எடைக்கு நீண்ட ஆட்ட காலம் வேண்டுமென்றால் பேரிங் மிகவும் மிருதுவாக, ஒல்லியாக இருக்க வேண்டும். ஆனால் தரை நகரும் தூரம் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் ஒன்றுதான், அந்தத் தூரத்தை ஒல்லியான பேரிங் தாங்காது, கவிழ்ந்துவிடும். அந்தப் பணத்தைச் சாதாரண டிசைனைச் சரியாகச் செய்வதில் போடுங்கள். கீழ்த்தளத்தைக் கார் நிறுத்த முழுக்கத் திறந்து போட்டுவிட்டு மேலே மட்டும் சுவர் எழுப்பாதீர்கள், ஆட்டம் முழுவதும் அந்த ஒரே தளத்துத் தூண்களின் மேல் இறங்கிவிடும். தூணும் பீமும் சேரும் இடத்துக்கு அருகில், நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள் நெருக்கமாக இருக்க வேண்டும், ரிங்கின் முனைகள் 135 டிகிரி வளைந்து காங்கிரீட்டின் உள்ளே போய்ப் பதிந்திருக்க வேண்டும். 90 டிகிரியில் விட்டால் வெளிக் காங்கிரீட் உதிர்ந்ததும் ரிங் பிரிந்துவிடும், அப்புறம் நெடுக்குக் கம்பியைப் பிடித்துவைக்க ஒன்றும் இருக்காது. கம்பி கட்டி முடித்ததும், காங்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால், வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களே போய் ஒவ்வொரு தூணின் மேலும் கீழும் ரிங் இடைவெளியை டேப் வைத்து அளந்து பாருங்கள், கொக்கி சரியாக வளையாமல் இருந்தால் அன்றைக்கு ஊற்றவிடாதீர்கள்.